தள்ளி உட்காரச் சொன்ன மகள்

பாப்பா என்ற பெயரைப் பார்த்துவிட்டு யாரும் சின்னப் பிள்ளை என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. கல்யாணமாகி, மகளுக்கு எட்டு வயதான பிறகும் உதிரவில்லை. பார்லரில் முடி வெட்டுகிற வேலை. அவள் கத்திரிக்கோல் பிடிக்கிற அழகைப் பார்ப்பதற்கென்றே வருகிறவர்கள் உண்டு.

மனசுதான் அவளுக்கு எதிரி. மற்றவர்களுக்கு ஊசி குத்தினாற்போல் இருப்பது அவளுக்குக் கத்தி இறங்கினாற்போல் இருக்கும். எதிரே வருகிறவர் சிரிக்காமல் போனால் அன்றைய பொழுதே பாழ். கோபம் வந்தால் வீடு தாங்காது. கோபம் போன பிறகு வருகிற வெட்கத்தை அவளே தாங்க மாட்டாள்.

போன வாரம் அப்படி வந்த ஒரு கோபத்தில் கைக்கண்ணாடியைச் சுவரில் விட்டெறிந்தாள். சுவரில்தான் எறிந்தாள். தெறித்த சில்லு ஒன்று, ஓரமாக நின்ற மகளின் புருவத்துக்கு மேலே கீறிவிட்டது. கண்ணுக்கு மயிரிழை தூரம்.

அவள் கணவர் கத்தவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். எதையும் பதறாமல் செய்து பழகியவர். பிள்ளையின் நெற்றியைத் துடைத்தார், ஒரு பையில் துணிகளை எடுத்து வைத்தார், தன் அக்கா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்றைக்கு மத்தியானம் மகளை அழைத்துவந்து காட்டுவதாகச் சொல்லியிருந்தார். பொடிசு வருகிறாள். வீட்டில் அவளை எல்லோரும் பொடிசு என்றுதான் கூப்பிடுவார்கள். பாப்பா காலையிலிருந்து தரையில் கால் பாவாமல் வேலை செய்துகொண்டிருந்தாள்.

ஒரு டீச்சரம்மாவின் தலையில் இடது பக்கம் வெட்டி முடித்து வலது பக்கம் திரும்பியபோது போன் அடித்தது.

"இன்னிக்கு வேண்டாம். அவளுக்கு உடம்பு சரியில்ல" என்றார் கணவர்.

"என்ன உடம்புக்கு? காய்ச்சலா?"

"அப்படித்தான். அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டார்.

கோபம் காதுக்குள் இரைந்தது. பொய் சொல்கிறார். பிள்ளையை இனிமேல் காட்டவே மாட்டார். அந்த நாத்தனார் சொல்லிக் கொடுத்திருப்பாள். எல்லோரும் சேர்ந்து என்னைத் தூக்கி எறிந்துவிட்டார்கள்.

அண்ணனுக்குப் போன் போட்டாள். "அண்ணே, பிள்ளையைக் காட்ட மாட்டேங்கிறாரு. உடனே வா."

அண்ணன் மரச்சாமான் ஏற்றும் வேன் ஓட்டுகிறவர். தங்கைக்கு ஒன்று என்றால் ஏற்றிய கட்டிலை நடுத்தெருவில் இறக்கிவிட்டு வருவார். "அங்கேயே இரு" என்றார்.

"ஏம்மா, உடம்பு ஏதும்..?" என்று கண்ணாடிக்குள்ளிருந்து டீச்சரம்மா கேட்டார்.

அப்போதுதான் பாப்பா தன் கையைப் பார்த்தாள். கத்திரிக்கோல் நடுங்கிக்கொண்டிருந்தது, டீச்சரம்மாவின் காதுக்குப் பக்கத்தில்.

மெதுவாக அதை மேஜையில் வைத்தாள். "ஒரு நிமிஷம்மா, இதோ வந்துடறேன்" என்று பின்னறைக்கு ஓடினாள்.

இந்த மனசுக்காக அவள் எடுத்துக்கொள்ளும் சிகிச்சைக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. டயலெக்டிகல் பிஹேவியரல் தெரபி. சுருக்கமாக டி.பி.டி. அண்ணன் அதை 'மூச்சு டியூஷன்' என்பார். வாராவாரம் ஒரு ஹாலில் வட்டமாக உட்கார்ந்து, பொங்குகிற மனசை எப்படித் தாங்குவது என்று படிப்பார்கள். பாப்பா மாதக்கணக்கில் போய்க்கொண்டிருக்கிறாள். போய்க்கொண்டிருக்கும்போதுதான் கண்ணாடி உடைந்தது. அதுதான் அவளை அதிகமாக அரித்தது. இவ்வளவு படித்தும் எறிந்தேனே, அப்படியானால் நான் திருந்தாத ஜென்மமா?

பின்னறையின் சின்ன ஃபிரிட்ஜில் இருந்த ஐஸைத் தொட்டித் தண்ணீரில் கொட்டினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தை உள்ளே அமுக்கினாள். முதலில் நெற்றி வலித்தது. பிறகு, காதுக்குள் இரைந்த மோட்டாரை யாரோ ஒரு படி குறைத்தாற்போல் இருந்தது. நிமிர்ந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் அமுக்கினாள். முகம் குளிர்ந்தால் இதயம் தானாக வேகம் குறைக்கும், உடம்பின் அமைப்பே அப்படி என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அன்றைக்குச் சிரித்தாள். இன்றைக்கு அந்தத் தொட்டியைத் தவிர அவளுக்கு வேறு கதியில்லை.

ஈர முகத்தோடு வகுப்பின் ஆலோசகரைப் போனில் கூப்பிட்டாள். தலைக்கு மேல் போகும்போது கூப்பிடலாம் என்பது அவர்களுக்குள் ஏற்பாடு.

"சொல்லுங்க. சாகணும்னு எண்ணம் இருக்கா? அதை முதல்ல சொல்லிடுங்க" என்றார் ஆலோசகர். அவர் எப்போதும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்.

"வந்துச்சு மேடம். இப்ப ஒரு மூலையில நிக்குது. கிட்ட வரல."

"கிட்ட வந்தா எனக்குச் சொல்லணும். சரி, என்ன பண்ணீங்க இதுவரைக்கும்?"

"ஐஸ் தண்ணி. அதுக்கு முன்னாடி அண்ணனை வரச் சொல்லிட்டேன்."

"ம். நடந்தது என்ன, நீங்க சேர்த்தது என்ன? பிரிச்சுச் சொல்லுங்க."

"பிள்ளையை இன்னிக்குக் கூட்டிட்டு வரலைனு சொன்னாரு."

"அது நடந்தது. அப்புறம்?"

"இனிமே காட்டவே மாட்டாரு."

"அப்படிச் சொன்னாரா?"

"சொல்லல. குரல்லயே தெரியுது."

"அப்ப?"

பாப்பா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சேர்த்தது."

"பிள்ளையைப் பார்க்கப் போறதா இருந்தா கோபம் நல்லா இறங்கின பிறகு போங்க. தனியா போங்க. கேட்க வேண்டியதை ஒரே ஒரு வாக்கியமா வச்சுக்கோங்க."

சரி என்றாள். டீச்சரம்மாவின் வலது பக்கத்தை இடது பக்கத்துக்குச் சமமாக வெட்டியும் முடித்தாள். தனியாகப் போகத்தான் நினைத்தாள். ஆனால் வாசலில் அண்ணனின் வேன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. வா என்று அழைத்தவளே போ என்று எப்படிச் சொல்வது? ஏறி உட்கார்ந்தாள்.

அதுதான் அன்றைக்கு அவள் செய்த தப்பு.

"பெத்தவளுக்கே பிள்ளையைக் காட்ட மாட்டானாமா? எவ்வளவு திமிர்!" அண்ணன் கியரை அடித்துப் போட்டார். "இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடலாம்."

"அண்ணே, மெதுவா."

"நீ ஒண்ணும் பேசாதே. அவன் அக்கா இருக்காளே, அவளைச் சொல்லணும்."

தொட்டித் தண்ணீரில் இறங்கியதெல்லாம் அண்ணன் பேசப் பேச மறுபடி ஏறியது. ஒவ்வொரு வார்த்தையும் இனித்தது, அதுதான் பயங்கரம். ஆமாம் அண்ணே, ஆமாம் அண்ணே என்று சேர்ந்து கத்த வேண்டும்போல் நாக்கு ஊறியது. ஜன்னல் பக்கம் திரும்பி, மூச்சை இழுத்ததைவிட நிதானமாக வெளியே விட்டாள்.

"என்னடி ஊதுறே?"

"மூச்சு விடறேன்."

"இத்தனை நாளும் எதை விட்டே?"

வேறு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள். அண்ணனுக்குக்கூட இன்று சிரிப்பு வரவில்லை. கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்திருந்தது.

நாத்தனார் வீட்டு கேட் பூட்டியிருந்தது. கணவர் உள்ளிருந்து வந்தார், வேனைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. கேட்டைத் திறக்கவில்லை.

பாப்பா தன் வாக்கியத்தை எடுத்தாள். "அவளைப் பார்க்கணும்னு ஏங்கிப் போயிருக்கேன். அஞ்சு நிமிஷம், நீங்க பக்கத்துல நின்னா போதும்."

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"என்னய்யா கேட்டைப் பூட்டி வச்சுக்கிட்டு நாடகம் ஆடறே? தங்கச்சிக்குக் கேட்க நாதியில்லன்னு நினைச்சியா?"

"சத்தம் போடாதீங்க. பிள்ளை உள்ள இருக்கா."

"போடுவேன்! என்னடா பண்ணுவே?"

கேட்டைப் பிடித்து உலுக்கினார். இரும்பு அலறியது. காலால் உதைத்தார். சுவர்மேல் இருந்த பூந்தொட்டி கையில் அகப்பட்டது. என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரியும் முன் அது உள்ளே பறந்து படியில் மோதி உடைந்தது. மண்ணும் ஓடும் சிதறின.

ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒரு சின்ன முகம் தெரிந்தது. இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தது. புருவத்துக்கு மேலே வெள்ளையாக ஒரு பிளாஸ்திரி.

பாப்பா மகளைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். சிவந்த கண், இழுத்துக்கொண்ட வாய், எச்சில் தெறிக்கும் உதடு. எவ்வளவோ பாசமான மனுஷன். இப்போது அந்த முகத்தில் பாசம் எங்கே இருக்கிறது என்று தேடினாலும் கிடைக்காது.

என் முகமும் இப்படித்தானே இருந்திருக்கும். பிள்ளை இதைத்தானே பார்த்திருக்கும்.

போய் அண்ணனின் பக்கத்தில் நின்றாள். நிறுத்து, அடங்கு என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லப்பட்டபோதெல்லாம் தனக்கு என்ன ஆனது என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணே" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். "எனக்காகத்தானே கோவப்படறே. எனக்கு அநியாயம் நடக்குதுன்னு உனக்குப் பொறுக்கல. அது எனக்குப் புரியுது."

அண்ணனின் பிடி தளர்ந்தது. மூச்சு மட்டும் வாங்கியது.

"அங்க பாரு. பொடிசு பார்த்துக்கிட்டு இருக்கா."

அண்ணன் பார்த்தார். கேட்டை விட்டுக் கையை எடுத்தார். அந்தப் பெரிய உடம்பு ஒரே நொடியில் பாதியாகிப் போனது.

"நீ கிளம்பு அண்ணே. நான் பேசிட்டு வரேன்."

அங்கேதான் சறுக்கியது. அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அடிபட்டது தெரிந்தது. "என்னைப் போகச் சொல்றியா? உனக்காக ஓடி வந்தவனை?"

"அண்ணே, அப்படி இல்ல..."

"சரிதான். நான்தான் இங்க வேண்டாதவன்."

வேன் தெருமுனையில் திரும்பிய வேகத்தில் டயர் கிறீச்சிட்டது.

கணவர் கேட்டின் அந்தப் பக்கமே நின்றார். பிறகு, "அவளுக்குக் காய்ச்சல் இல்ல" என்றார்.

"தெரியும்."

"நான் தடுக்கல. காலைல கிளம்பச் சொன்னேன். கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டா. அம்மாகிட்ட வர மாட்டேன்னு அழுதா. உன்கிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டேன்."

பாப்பா அப்படியே கேட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இங்கே ஐஸ் இல்லை, தொட்டி இல்லை. கணவர் கொடுமைக்காரர் என்றிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். கோபப்பட ஓர் ஆள் கிடைத்திருப்பார். நாத்தனார் சூழ்ச்சி செய்தாள் என்றாலும் சரி. யாருமே இல்லை. பெற்ற பிள்ளை அவளைக் கண்டு கட்டிலுக்கு அடியில் ஒளிகிறது. மூலையில் நின்றிருந்த அந்த எண்ணம் ஓரடி எடுத்து வைத்தது. நீ இல்லாமல் போனால் எல்லோருக்கும் நிம்மதி என்றது.

எழுந்து ஓடு என்றது உடம்பு. யார் கண்ணிலும் படாமல் போய் ஒளிந்துகொள் என்றது. வெட்கம் ஓடச் சொன்னால் நில்லுங்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மனசு இழுக்கிற திசைக்கு எதிர்த் திசையில் உடம்பைத் திருப்ப வேண்டும். கேட்கச் சுலபம். பாப்பா உள்ளங்கைகளை விரித்து மடிமேல் வைத்துக்கொண்டாள். இது நடந்துவிட்டது, என்று தனக்குள் சொன்னாள். பிடிக்கவில்லை. நியாயமா என்று தெரியவில்லை. நடந்துவிட்டது. கண்ணீர் தாடை வழியே சொட்டியது, அவள் துடைக்கவில்லை.

எவ்வளவு நேரம் போயிற்றோ. எண்ணம் போய்விடவில்லை. மேற்கொண்டு அடி எடுத்து வைக்கவும் இல்லை.

"கேட்டைத் திறக்கறீங்களா?" என்று கேட்டாள். "வீட்டுக்குள்ள வர மாட்டேன். அந்தத் தொட்டிச் சில்லையெல்லாம் பொறுக்கிடறேன். அவ வெறுங்காலோட ஓடி வருவா."

கணவர் ஒரு கணம் தயங்கிவிட்டுத் திறந்தார். பாப்பா குந்தி உட்கார்ந்து தொட்டி உடைசலை ஒவ்வொன்றாக எடுத்துப் புடவை முந்தியில் போட்டாள். கணவரும் குனிந்து பொறுக்கினார்.

ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தது.

"அம்மா."

பாப்பா தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள். "சொல்லுடா."

"மாமா போயிட்டாரா?"

"போயிட்டாரு."

"நீ ஏன் கத்தல?"

"கத்தணும் போலத்தான் இருந்துச்சு. கத்தாம இருக்கப் படிச்சுக்கிட்டு இருக்கேன். இன்னும் சரியா வரல."

"உன்னைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு."

இனிமேல் செய்யவே மாட்டேன், சத்தியம் என்ற வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்தன. எத்தனையோ முறை செய்து முறித்த சத்தியம். பாப்பா அவற்றை விழுங்கினாள்.

"பயமாத்தான் இருக்கும். பயப்படற மாதிரி நான் நடந்துக்கிட்டேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல."

"நான் வெளிய வர மாட்டேன்."

"வர வேண்டாம். நான் இங்க கொஞ்ச நேரம் உட்காரட்டுமா?"

ஜன்னல் திரை மெல்ல ஆடியது.

"தள்ளி உட்காரு."

பாப்பா எழுந்து கேட் ஓரம் போனாள். "இங்கயா?"

"இன்னும்."

கேட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தாள். ஜன்னல் மட்டும் மூடவில்லை.

கணவர் கேட் கம்பியில் சாய்ந்து நின்றார். "அந்த வகுப்புக்கு இன்னும் போறியா?"

"போறேன்."

"பலன் இருக்கா?"

"கண்ணாடி உடைஞ்ச அன்னிக்கு இல்ல. இன்னிக்கு இருந்துச்சு. நாளைக்கு எப்படின்னு சத்தியமா தெரியல."

அவர் தலையை ஆட்டினார். அவள் தன்னைப் பற்றிப் பொய் சொல்லாமல் தந்த ஒரு பதிலை இப்போதுதான் கேட்கிறவர்போல் இருந்தது அவர் முகம்.

வெயில் சாய்ந்தபோது போன் அடித்தது. அண்ணி.

"பாப்பா, உங்கண்ணன் உன்கூட இருக்காரா?"

"இல்லையே அண்ணி. அப்பவே கிளம்பிட்டாரு."

"எனக்குப் போன் பண்ணினாரு. அழுதாரு, பாப்பா. அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததே இல்ல. பாப்பாவும் வேண்டாம்னுட்டா, நான் யாருக்கும் பிரயோஜனம் இல்லன்னு என்னென்னமோ சொன்னாரு. இப்ப கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கிறாரு. எங்க போனாருன்னே தெரியல."

அண்ணிக்கு அது புலம்பல். அந்த வார்த்தைகள் எந்த இடத்திலிருந்து வருகின்றன என்று பாப்பாவுக்குத் தெரியும்.

எழுந்தாள். ஜன்னலில் சின்ன முகம் அவளையே பார்த்தது. இங்கேதான் இருப்பேன் என்று சொல்லாமல் சொல்லிவிட்டு இப்போது போனால் பிள்ளை என்ன நினைக்கும்?

"பொடிசு" என்றாள். "மாமாவுக்கு மனசு ரொம்ப முடியல. நான் போகணும். உன்னை விட்டுட்டுப் போக எனக்கு இஷ்டமே இல்ல. ரெண்டும் நிஜம்டா."

ஜன்னல் மூடிக்கொண்டது. கோபத்திலா, சரி என்றா? பாப்பாவுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை.

"நானும் வரட்டுமா?" என்றார் கணவர்.

"நீங்க அவகூட இருங்க."

தெருவில் இறங்கி நடந்துகொண்டே அண்ணனைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். நடை ஓட்டமானது. மணி அடித்து அடித்து ஓயப்போகும் நேரத்தில் யாரோ எடுத்தார்கள். ஹலோ இல்லை. காற்று இரையும் சத்தம் மட்டும்.

"அண்ணே?"

"எதுக்குடி கூப்பிடறே? போகச் சொன்னவதானே."

"போகத்தான் சொன்னேன். தொலைஞ்சு போன்னு சொன்னேனா?"

காற்றுக்கு நடுவே லாரிகள் எதன்மீதோ ஏறி இறங்கும் 'தடக் தடக்' கேட்டது. கீழே எங்கோ தண்ணீரின் இரைச்சல். ஆற்றுப் பாலம்.

"அண்ணே, வண்டிக்குள்ள இருக்கியா, வெளிய நிக்கறியா? அதை மட்டும் சொல்லு."

"அந்தப் பிள்ளை காதைப் பொத்திக்கிட்டு நின்னுச்சு, பாப்பா. என்னைப் பார்த்து."

"பார்த்தேன் அண்ணே. என்னைப் பார்த்தும் அப்படித்தான் நின்னுது. நீ வண்டில ஏறி உட்காரு. நான் வந்துக்கிட்டே இருக்கேன்."

"நீ வந்து என்னடி பண்ணிடுவே?"

செருப்பு வார் அறுந்தது. உதறிவிட்டு வெறுங்காலோடு ஓடினாள்.

"தெரியல அண்ணே" என்றாள், மூச்சிரைக்க. "வந்து பார்த்துக்கலாம். முதல்ல வண்டிக் கதவைத் திற. எனக்குச் சத்தம் கேட்கணும்."

காற்று இரைந்துகொண்டே இருந்தது. வேன் கதவு திறக்கும் சத்தத்துக்காகப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பாலம் இருக்கும் திசையில் அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.